பலகை பேசும் மொழி

திறனாய்வு என்றவுடன் கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் என்னும் நான்கையே நாம் நினைக்கிறோம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் பற்றிய கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்புகளைப் புரட்டினால், இந்த நான்கு எல்லைகளையும் தாண்டிச் சென்ற கட்டுரையைக் காண்பது அரிது. ஆயின், நம் மாணவன் ஒருவன் ஒரு நாளில் படிக்கும் எழுத்தில் கவிதைக்கு எத்தனை வரி, கதைக்கு எத்தனை வரி என்று கணக்கெடுத்தால் நமக்கு வியப்பே மிஞ்சும். வீட்டிலிருந்து பள்ளிக்குச் செல்லும் வழியில், பேருந்து நிறுத்தத்தில், காப்பிக்கடை முகப்பில், மளிகைக்கடைத் தூணில் அவன் கண்ணில் படும் விளம்பர வாசகமே அவன் மிகுதியாகப் படிக்கும் இலக்கியமாகும். அது தமிழில் இருக்கலாம். மலாயிலோ ஆங்கிலத்திலோ சீனத்திலோ இருக்கலாம். எந்த மொழியில் இருப்பினும் அவன் அதைப் படிக்கிறான்.

இலக்கியம் என்னும் சொல்லை இங்கே வேண்டுமென்றே ஆள்கிறேன். விளம்பர வாசகத்தில் மோனை உண்டு, எதுகை உண்டு, சொற்சுருக்கம் உண்டு. வெளிப்படையாகச் சொல்வதைக் காட்டிலும் குறிப்பால் உணர்த்துவது அதில் மிகுதி. கற்றறிந்த ஒருவர் பல நாள் அமர்ந்து, பல வரிகளை அடித்துவிட்டு எஞ்சிய ஒரு வரியைப் பலகையில் ஏற்றுகிறார். இத்துணை முயற்சியோடு ஆக்கப்பட்ட ஒன்றைத் திறனாய்வாளர் கண்டுகொள்ளாமல் செல்வது முறையன்று. அதற்கும் நூலுக்கும் ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நூல் பிடிக்கவில்லையெனில் மூடிவைக்கலாம், வானொலியை நிறுத்தலாம், நாளிதழை வாங்காமல் விடலாம். தெருவோரப் பலகையை மூடிவைக்க இயலாது. அந்த வழியன்றி வேறு வழியில்லாதவன் அதைப் படித்தே ஆகவேண்டும். உடல்நலத்துக்கு ஊறு செய்யும் பொருள்களின் பலகைகளை, அவற்றால் எளிதில் தாக்குறும் மக்கள் வாழும் பகுதிகளிலேனும் கட்டுப்படுத்த வேண்டும் என்னும் கோரிக்கை உலகின் பல நகரங்களில் எழுந்ததற்கு அடிப்படை இதுவே. அக்கோரிக்கையை மருத்துவரும் வழக்கறிஞரும் தத்தம் நோக்கில் ஆராய்ந்துள்ளனர். மொழி கற்பிக்கும் நாமும் நம் நோக்கில் ஆராயலாம்.

முதலில் பழைய எடுத்துக்காட்டு ஒன்று. அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனம் 1929ஆம் ஆண்டு பிரிட்டனில் தன் ஸ்டவுட் மதுவுக்கு விளம்பர இயக்கம் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட வாசகம், அது உங்களுக்கு நல்லது என்பதாகும். 1934இல் ஜான் கில்ராய் என்னும் ஓவியர் அதே மதுவுக்கு வரைந்த சுவரொட்டியில், கட்டுமானத் தொழிலாளி ஒருவன் பெரிய இரும்பு உத்தரத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டு, பூக்கூடையைச் சுமப்பவன்போல் நடந்து செல்கிறான். வலிமைக்கு இந்த மது என்பது அதன் பொருள். விளம்பரக் கலை வரலாற்றில் இச்சுவரொட்டி மிகவும் போற்றப்படுகிறது. வரைந்தவரின் ஆற்றலை நாமும் மறுக்க வேண்டியதில்லை.

'நல்லது' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ் இலக்கணப்படி அது குறிப்பு வினைமுற்று. காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. எதற்கு நல்லது, எவ்வளவு அருந்தினால் நல்லது, யாருக்கு நல்லது என்னும் வினாக்கள் எவற்றுக்கும் அவ்வாசகத்தில் விடையில்லை. விடையைப் படிப்பவனே நிரப்பிக்கொள்கிறான். இடுப்பு வலி உள்ளவன் இடுப்புக்கு நல்லது என்று நிரப்புகிறான். பிள்ளை பெற்றவள் பச்சை உடம்புக்கு நல்லது என்று நிரப்புகிறாள். பொய் சொன்னான் என்று விளம்பரக்காரனை யாரும் பிடிக்க முடியாது. பொய்யை நிரப்பியவர் நாமே. மகப்பேற்றுக்குப் பின் பெண்கள் ஸ்டவுட் அருந்தினால் உடல் தேறும் என்னும் நம்பிக்கை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பல இனத்தாரிடையே ஒரு காலத்தில் வேரூன்றியிருந்தது. அந்நம்பிக்கை மருத்துவ நூலிலிருந்து வந்ததன்று.

எழுத்தறியாதவனையும் இக்கலை கைவிடவில்லை. இந்நாடுகளுக்கு அனுப்பப்பட்ட ஸ்டவுட் புட்டிகளின் தாளில் நாயின் தலை அச்சிடப்பட்டிருந்தது. ஹொக்கியன் பேசும் சீனர்கள் அம்மதுவைக் 'கறுப்பு நாய்' என்றே அழைத்தனர். பெயரைப் படிக்கத் தெரியாதவனும் படத்தைக் காட்டி வாங்கினான். படிப்பறிவு குறைந்த சமுதாயத்தில் எழுத்துக்கு வலுவில்லை என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

ஸ்டவுட் விலை மிகுந்தது; ஏழைக்கு வாய்த்தது சம்சு. மலிவான சரக்கு, சின்னஞ்சிறு புட்டிகளில், மளிகைக்கடை மேசைமீதே விற்கப்பட்டது. உடல்வலி தீரும், செரிமானம் கூடும் என்னும் வகையில் அம்மதுவைப் பற்றிச் சொல்லப்பட்ட கூற்றுகளைப் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டிப் போராடியது. இருள் பிரியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்த உடலுக்கு வலி என்பது அன்றாட உண்மை. அந்த உண்மையை நன்கு அறிந்தவன் எழுதிய வரி அது. மக்களின் துன்பத்தை நம் எழுத்தாளர்களைவிட விளம்பரம் எழுதியவன் சில வேளை நுட்பமாக அறிந்திருந்தான் என்று சொன்னால் நண்பர்கள் என்மீது சினம் கொள்ளக்கூடும். ஆனால் அதுவே என் கருத்து.

தமிழ் மாணவர்க்கு இப்பொருளை விளக்க நம் மரபிலேயே நல்ல கருவி உள்ளது. அகப்பாடல் ஒன்றை ஆராயும்போது நாம் முதலில் கேட்பது, நிலம் எது, பொழுது எது என்பதாகும். அவ்விரண்டும் முதற்பொருள். நிலமும் பொழுதும் மாறினால் அதே சொல் வேறு பொருள் தரும். பலகைக்கும் இவ்விதி பொருந்தும். பெருவணிக வளாகத்தின் நடுவே நிற்கும் மதுபானப் படத்தைப் பார்ப்பவன், அதன் அருகிலேயே நூறு வேறு படங்களைப் பார்க்கிறான். நூல் விற்கும் கடையையும் பார்க்கிறான். தோட்டம் துண்டாடப்பட்டு, வீடு இழந்து, மலிவு விலை அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய குடும்பத்தின் பிள்ளை பார்க்கும் நிலம் அதுவன்று. கீழ்த்தளத்தில் ஒரு காப்பிக்கடை. அதன் பெயர்ப்பலகையில் கடையின் பெயரைக் காட்டிலும் பீர் நிறுவனத்தின் சின்னம் பெரிது. உள்ளே சுவரில் அதே சின்னம். மேசைவிரிப்பில் அதே சின்னம். கடிகாரத்தின் முகத்திலும் அதே சின்னம். அப்பிள்ளைக்கு அது விளம்பரமாகவே தோன்றாது. ஊரின் அடையாளமாகத் தோன்றும். அவன் நிலத்துக்கு அந்தச் சின்னம் கருப்பொருளாகிவிடுகிறது.

பொழுதையும் காண்க. சம்பள நாளை ஒட்டியும், தீபாவளியை ஒட்டியும், திருவிழாக் காலத்திலும் வாழ்த்துப் பதாகைகள் பெருகும். ஆண்டு முழுவதும் நம் மொழியில் ஒரு சொல்லும் எழுதாத நிறுவனம், அந்த ஒரு வாரத்தில் கோலமும் குத்துவிளக்கும் வரைந்து அழகிய தமிழில் வாழ்த்துச் சொல்லும். பொதுவிடத்தில் தமிழ் எழுத்தைக் காண ஏங்கும் நமக்கு அது மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. மொழிப்பற்று எவ்விடத்தில் விலைக்குப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இனி நம் புனைகதைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளுக்கடை இடம்பெறாத தோட்டப்புறக் கதைகள் குறைவு. அக்கதைகளின் அமைப்பை மாணவர்கூட மனப்பாடமாகச் சொல்வர். தந்தை குடித்துவிட்டு வருவார், தாய் அடிபடுவாள், மகனின் பள்ளிக் கட்டணம் கள்ளுக்கடையில் கரையும், இறுதியில் மகனோ, ஆசிரியரோ, ஒரு சாவோ அவரைத் திருத்தும். திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைக் கற்பித்து வளர்ந்த சமுதாயம் இவ்வாறு எழுதியது இயல்பே. ஆனால், இக்கதைகளில் பெரும்பாலானவற்றில் கேட்கப்படாத வினா ஒன்று உண்டு. கள்ளுக்கடை தோட்டத்துக்குள் எப்படி வந்தது? கடைத்தெருவுக்குச் செல்ல மைல்கணக்கில் நடக்க வேண்டிய தோட்டத்தில், மருந்தகமும் பள்ளியும் செம்மையாக இல்லாத தோட்டத்தில், கள்ளுக்கடை மட்டும் லயத்தின் அருகிலேயே எவ்வாறு அமைந்தது? அது தொழிலாளி கட்டியதன்று. நிருவாகத்தின் இசைவோடும் அரசின் உரிமத்தோடும் நடந்தது. கூலியாகச் சென்ற பணத்தில் ஒரு பகுதி கள்ளின் விலையாகத் திரும்பி வந்தது.

இவ்வினாவைத் தொழிலாளர்கள் கேட்டனர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. கூலி உயர்வோடும், மரியாதையாக நடத்தப்பட வேண்டும் என்பதோடும் அது சேர்ந்தே எழுந்தது. அப்போராட்டத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் இயங்கிய தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடிப்பவனுக்கு அறிவுரை கூறுவதோடு அவர்கள் நிற்கவில்லை. கடையையே எதிர்த்து நின்றனர். கல்வியறிவு மிகுதியும் இல்லாத தொழிலாளர் கண்ட உண்மையை, அவர்களைப் பற்றிக் கதை எழுதிய நாம் ஒரு தலைமுறை கழித்தும் சரியாகக் காணவில்லை. நம் கதைகளில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவன் குடிகாரன் மட்டுமே. கடைக்காரனும், உரிமம் தந்தவனும், ஆசை காட்டியவனும் கதைக்கு வெளியே நின்றுகொண்டனர்.

தீபாவளி மலர்களின் பழைய பிரதிகள் கிடைத்தால் ஆசிரியர்கள் ஒருமுறை பார்க்கலாம். குடியின் கொடுமையைச் சித்திரிக்கும் சிறுகதை ஒரு பக்கத்தில் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் பிராந்தி நிறுவனத்தின் வாழ்த்து இருக்கும். கதையைவிட வாழ்த்தின் அச்சு நேர்த்தியாக இருக்கும். அந்த வருவாயின்றி மலரே வந்திராது என்பதும் உண்மைதான். அவ்விரு பக்கங்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் திறனாய்வு நம்மிடையே தோன்றவில்லை என்பதே என் குறை.

சட்டத்தின் கதைக்கு வருவோம். சிங்கப்பூர் 1970இல் சிகரெட் விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றி, 1971 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆசியாவில் இவ்வாறு முதலில் துணிந்த நாடுகளுள் அது ஒன்று. மலேசியா 1993இல் விதிமுறைகளை வகுத்தது. அப்போது நிகழ்ந்த ஒன்று இலக்கண ஆசிரியர்க்குச் சுவை தரும். புகையிலையை நேரடியாக விளம்பரம் செய்தல் கூடாது என்றவுடன், சிகரெட்டின் பெயர்கள் வேறு பொருள்களின்மேல் ஏறிக்கொண்டன. ஒரு சிகரெட்டின் பெயரில் பயண நிறுவனம் தோன்றியது. மற்றொன்றின் பெயரில் உணவகம் தோன்றியது. வேறொன்றின் பெயரில் இசைநிகழ்ச்சிகள் நடந்தன. 1989 முதல் 2004 வரை நாட்டின் கால்பந்து லீக் போட்டியே டன்ஹில் என்னும் பெயரைச் சுமந்து நின்றது. பலகையில் சிகரெட்டின் படமில்லை, புகையில்லை, அப்பெயரைப் படித்தவுடன் மனத்தில் எழுந்தது சிகரெட்டே. ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய மற்றொன்றுக்கு ஆகி வருவதை ஆகுபெயர் என்கிறோம். கோடிக்கணக்கில் செலவிட்டு நடத்தப்பட்ட ஆகுபெயர்ப் பாடம் இது. சட்டம் எழுதியவர் சொல்லின் வெளிப்படைப் பொருளை மட்டும் தடுத்தார். விளம்பரம் எழுதியவர் குறிப்புப் பொருளுக்குள் புகுந்துகொண்டார். 2004ஆம் ஆண்டு விதிமுறைகள் இந்த வாயிலின் பெரும்பகுதியை அடைத்தன. 2024 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 852ஆம் சட்டம், கடைகளில் சிகரெட்டுப் பெட்டிகளைக் கண்ணுக்குத் தெரியுமாறு அடுக்கிவைப்பதையும் கட்டுப்படுத்துகிறது. அடுக்கிவைத்த பெட்டியும் ஒரு விளம்பரமே என்பதை ஏற்க முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

புகையிலைக்கும் மதுவுக்கும் எதிராகப் பேசுவது எளிது. சர்க்கரைக்கு எதிராகப் பேசுவது கடினம். இனிப்பை நாம் வாழ்த்தின் அடையாளமாகக் கொண்டவர்கள்; வந்தவர்க்கு இனிப்பு நீர் கொடுக்காமல் அனுப்புவது நமக்குப் பண்பாடன்று. ஆனால் மலேசியத் தேசிய உடல்நல ஆய்வு 2019இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிக அதிகம். சிங்கப்பூரிலும் சீனரைக் காட்டிலும் மலாய்க்காரரிடமும் இந்தியரிடமும் நீரிழிவு மிகுதி. கால் இழந்தவரும் இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மும்முறை செல்பவரும் இல்லாத உறவினர் வட்டம் நம்முள் எத்தனை பேருக்கு உண்டு?

சிங்கப்பூர் சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்துத் தொடங்கிய முயற்சியின் ஒரு பகுதி நம் பொருளுக்கு நேராக உரியது. பானங்களை ஏ, பி, சி, டி என நான்கு தரமாகப் பிரித்தனர். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானம் டி தரம். நிறைவுற்ற கொழுப்பு மிக்கதும் அவ்வாறே. சி, டி தரங்கள் புட்டியின்மேல் தம் தரத்தைக் காட்ட வேண்டும். டி தரப் பானத்துக்கு விளம்பரமே கூடாது. 2019இல் இத்தடை அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் விரிந்தது. இதில் கருதத்தக்கது, நிறுவனங்கள் செய்த வேலை. தடை வருமுன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்து டி தரத்திலிருந்து விலகிக்கொண்டன. அடைத்து விற்கும் பானங்களில் 2017இல் 7.1 விழுக்காடாக இருந்த இடைநிலைச் சர்க்கரை அளவு, சில ஆண்டுகளில் 5 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது. குடிப்பவன் யாரும் அறிவுரை கேட்டுத் திருந்தவில்லை. புட்டிக்குள் இருந்த பொருள் மாறியது. பேசும் உரிமை போய்விடும் என்ற அச்சமே பொருளை மாற்றியது எனின், அப்பேச்சின் வலிமை எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

சிங்கப்பூரின் தடை தீவு முழுமைக்கும் ஒரே அளவானது. ஒரு வட்டாரத்தையோ ஓர் இனத்தையோ அது சுட்டவில்லை. இங்கேதான் சிக்கலான வினா எழுகிறது. எளிதில் தாக்குறும் சமுதாயம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டுவது, அச்சமுதாயத்துக்கு இழுக்காகாதா? ஏழைக்கு மட்டும் தன்னடக்கம் இல்லை என்று சொல்வதாகாதா? இந்தத் தடையை எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழன் குடிகாரன் என்னும் ஏளனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம்.

2013 டிசம்பர் 8ஆம் நாள் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் ஒரு சாலை விபத்தைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. மது அதற்குத் துணைக்காரணமாயிற்று என்று விசாரணைக் குழு கூறியது. 2015இல் வந்த சட்டம் இரவு பத்தரைக்கு மேல் பொதுவிடங்களில் மது அருந்துவதைத் தீவு முழுவதும் தடுத்ததோடு, லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் மதுக் கட்டுப்பாட்டு மண்டலங்களாக வகுத்து, வார இறுதியில் கடுமையான விதிகளை விதித்தது. அமைதி காக்க அது தேவைப்பட்டிருக்கலாம். அச்சட்டம் வரையறுத்தது குடிப்பவன் நிற்கும் இடத்தை. மதுவின் விளம்பரத்துக்குப் புகையிலைக்கு உள்ளதுபோன்ற முழுத்தடை அங்கே இல்லை. நம் சிறுகதைகளின் பார்வையும் இச்சட்டத்தின் பார்வையும் ஒன்றாக இருப்பது தற்செயலன்று. குடிப்பவனைக் காண்பது எளிது, அழைப்பவனைக் காண்பது அரிது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இவ்வினாவுக்கு வேறு விடை கண்டனர். 1990இல் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், அபிசீனியன் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர் கால்வின் பட்ஸ் தம் மக்களுடன் சென்று மது, சிகரெட் பலகைகளின்மேல் சாயம் பூசி மறைத்தார். அதே ஆண்டு, பிலடெல்பியாவின் கறுப்பின மக்களைக் குறிவைத்து அறிமுகமாகவிருந்த 'அப்டவுன்' என்னும் சிகரெட், எதிர்ப்பு வலுத்ததால் கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. எங்கள் மக்கள் பலவீனமானவர் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஏன் இத்தனை பலகை, செல்வர் தெருவில் ஏன் இல்லை என்று கேட்டனர். அவர்கள் எண்ணியது மனிதரை அன்று, பலகைகளை. இந்தக் கேள்விமுறையே சரியானது என்று நான் கருதுகிறேன். சமுதாயத்தின் குணத்தை அளக்க வேண்டாம்; அதன் தெருவில் நிற்கும் பலகைகளை எண்ணினால் போதும்.

பால்டிமோர் நகரம் 1994இல் மது, சிகரெட் விளம்பரப் பலகைகளைக் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து அகற்ற ஆணையிட்டது. நிறுவனங்கள் வழக்காடின, மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக்கு அந்த வெற்றி கிட்டவில்லை. பள்ளிக்கும் விளையாட்டுத் திடலுக்கும் 1,000 அடிக்குள் புகையிலைப் பலகை கூடாது என்னும் அதன் விதியை 2001இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, அவ்விதியின்படி சில நகரங்களின் மிகப் பெரும்பகுதி தடைக்குள் வந்துவிடும் என்பது. நகரின் மிகப் பெரும்பகுதி ஒரு பள்ளிக்கு அருகிலேயே உள்ளது என்றும் அதையே மாற்றிச் சொல்லலாம். பேச்சுரிமையை நான் மதிப்பவன். எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த எவரும் தணிக்கையை எளிதாக வரவேற்கமாட்டார். ஆனால் கவிஞனின் பேச்சுக்கும் பலகையின் பேச்சுக்கும் இடையே, கேட்பவன் எழுந்துபோக முடியுமா என்னும் வேறுபாடு இருக்கிறது. இலண்டனின் பொதுப் போக்குவரத்து நிருவாகம் 2019இல் தன் இரயில்களிலும் நிலையங்களிலும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளின் விளம்பரத்தை நிறுத்தியபோது இவ்வேறுபாட்டையே நடைமுறையாக்கியது. சுரங்க இரயிலில் நிற்பவன் எங்கே போவான்?

தடையால் இழப்பவரையும் மறைக்கக் கூடாது. சிறு காப்பிக்கடைக்காரர்க்குப் பெயர்ப்பலகையை நிறுவனமே இலவசமாகச் செய்து தருகிறது; நாற்காலி, குடை, குளிர்ப்பெட்டியும் தருவதுண்டு. அவற்றை எடுத்துவிட்டால் அச்செலவை அவரே ஏற்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் நன்கொடை வேறெங்கிருந்து வரும் என்று கேட்பவர்க்கு நாம் ஏதேனும் சொல்லியாக வேண்டும். 2024இல் சீனப்பள்ளி ஒன்றுக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சியின் மாதிரிக் காசோலையில் பீர் சின்னம் இருந்தது குறித்து மலேசியாவில் பெரிய சர்ச்சை எழுந்தது. அரசின் வழிகாட்டி விதிகள், சமயம், சீனக் கல்வியின் தேவை என விவாதம் பல திசைகளில் சென்றது. அரசு போதிய நிதி தந்திருந்தால் பள்ளி அந்த மேடைக்குச் சென்றிருக்குமா என்ற கேள்வி மட்டும் விரைவில் மறைந்துபோயிற்று. பலகையை அகற்றச் சொல்பவர், அது நின்ற இடத்தில் எந்தப் பணம் நிற்கும் என்றும் சொல்ல வேண்டும். நகராட்சி மன்றங்கள் சிறு கடைகளின் பெயர்ப்பலகைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம், அது பெருந்தொகையன்று.

மலேசியாவில் தெருவோர விளம்பரத்துக்கு உரிமம் வழங்குவது ஊராட்சி மன்றங்களின் பணி. கோலாலம்பூரில் 1982ஆம் ஆண்டின் விளம்பரத் துணைச்சட்டம் உண்டு. பலகையில் தேசிய மொழி இருக்கிறதா, அதன் எழுத்து மற்ற மொழி எழுத்துகளினும் முதன்மையாக இருக்கிறதா என்று அதிகாரிகள் பார்க்கின்றனர். தவறினால் பலகை இறக்கப்படுகிறது. ஆகவே பலகையின் வாசகத்தை அரசு படிப்பது புதியதன்று. ஏற்கெனவே எழுத்தெழுத்தாகப் படிக்கிறது. தமிழ்ப்பள்ளி வாயிலிலிருந்து எத்தனை அடியில் எந்தப் பொருளின் பெயர் நிற்கிறது என்று ஒரு வரியைக் கூட்டிப் படிக்கச் சொல்வது பெரிய கோரிக்கையன்று. பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் மன்றத்துக்குக் கடிதம் எழுதலாம். அக்கடிதத்துக்கு வேண்டிய சான்றை மாணவரே திரட்டலாம்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆசிரியர் ஒருவர் ஐந்தாம் வகுப்பு மாணவரிடம், வீடு செல்லும் வழியில் கண்ட எழுத்துகளை எல்லாம் எழுதிவருமாறு பணித்தார். கருத்துணர்தல் பாடத்துக்காக அவர் எண்ணியது சாலைப் பெயர்களும் அறிவிப்புகளும். பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களில் சாலைப் பெயர்களைவிடப் பானங்களின் பெயர்கள் மிகுதியாயிருந்தன. எழுத்துப் பிழையே இல்லாமல் எழுதப்பட்டிருந்தவையும் அவைதாம். ஆசிரியர் அவற்றைக் கரும்பலகையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்டார். சத்துப்பானப் படத்தில் ஓடும் சிறுவனைக் காட்டிய ஒரு மாணவி, இவன் ஓடுவதால் குடிக்கிறானா, குடிப்பதால் ஓடுகிறானா என்று வினவினாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து பாடவேளை முடியும்வரை வாதிட்டது. அடுத்த வாரம் அவர்கள் பள்ளி வாயிலிலிருந்து அடிக்கோலால் அளக்கத் தொடங்கினர். முதல் பலகை நாற்பத்திரண்டாம் அடியில் இருந்தது.